வன்னிக் கதை கதைத்தால் படிக்காத ஆளா?

வன்னியில், கிளிநொச்சி மாவட்டத்துத் தருமபுரம் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு டிப்ளோமா படிக்க வந்த தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். வாய் திறந்தால் "வன்னியோ?" என்று சிரிக்கிறார்களாம். அம்மம்மா ஆக்கள் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பதால் அவருடைய பேச்சில் இரண்டும் கலந்து வருமாம். போன மாதம் செய்த பிரசன்ரேசனுக்கு வந்த புள்ளித்தாளில் "மொழிநடை சீரில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்ததாம். "எங்கட கதை உண்மையிலேயே பிழையான தமிழோ? மாத்த வேணுமோ? தம்பி தரம் 3, அவனையாவது இப்பவே மாத்திவிடலாமோ?" என்று முடித்திருக்கிறார். இதற்குள் மூன்று விசயங்கள் பின்னிக் கிடக்கின்றன. உங்கள் பேச்சுக்கு இலக்கணம் உண்டா என்பது ஒன்று. கேட்கிறவர் காது ஏன் அதைப் படிப்பின்மை என்று எடுக்கிறது என்பது இரண்டாவது. பரீட்சகர் முன்னால் நிற்கும்போது என்ன செய்வது என்பது மூன்றாவது. முதலாவதுக்கு ஐயமில்லாத பதில் உண்டு. இரண்டாவதில் உறுதியானதும் உறுதியில்லாததும் கலந்திருக்கின்றன. மூன்றாவது பழக்கத்தால் வருவது. மொழியியல் படித்து, வாய்மொழிப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துகிறவன் என்ற இடத்திலிருந்து மூன்றையும் பிரித்துப் பிரித்துச் சொல்கிறேன்.

பிழையான தமிழ் இல்லை. நல்ல உதாரணம் உங்கள் வாயிலேயே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் "வாறன்" என்பீர்கள், அம்மம்மாவோடு "வர்றேன்" என்பீர்கள். தன்மை ஒருமை வினைக்கு என்னென்ன ஈறு வரலாம் என்று நன்னூல் ஒரு சூத்திரத்தில் அடுக்குகிறது. அல், அன், என், ஏன் என்ற நான்கும் அதில் உண்டு. "வாறன்" என்பதில் இருப்பது அன். "வர்றேன்" என்பதில் இருப்பது ஏன். உங்கள் இரண்டு வீட்டுத் தமிழுக்கும் ஒரே வரியில் இடம் போட்டு வைத்திருக்கிறார் நன்னூலை எழுதிய பவணந்தி. இன்றைய "வாறன்" அந்தப் பழைய அன்னிலிருந்து நேராக இறங்கியதா, வேறோர் ஈறு தேய்ந்து அப்படி ஆனதா என்று வாதிக்க இடமுண்டு. மரபிலக்கணம் அறிந்த வடிவம்தான் என்பதில் வாதமில்லை. அதோடு, அந்த வடிவம் ஒழுங்காக வேலை செய்கிறது. "நான் வாறன்", "அவன் வாறான்" என்று ஒரு குறில் நெடிலை வைத்தே தன்மையையும் படர்க்கையையும் பிரிக்கிறோம். ஐந்து வயதுப் பிள்ளைகூட இதை மாற்றிச் சொல்லாது. விதி இல்லாத பேச்சில் இப்படிப் பிசகாமல் இருக்க முடியாது.

"உது", "உவன்", "உங்கை" என்ற சொற்களையும் பாருங்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தால் இது, உங்களுக்குப் பக்கத்தில் இருந்தால் உது, இருவருக்கும் எட்டத்தில் இருந்தால் அது. "அ இ உ அம்மூன்றும் சுட்டு" என்கிறது தொல்காப்பியம். தமிழ்நாட்டுப் பேச்சில் நடுவிலுள்ளது கழன்று போய்விட்டது. வடக்கிலும் வன்னியிலும் சந்தைக்குச் சந்தை புழங்குகிறது. "காற்று", "சோற்றுப் பானை" என்று சொல்லும்போது ற்ற வருகிற இடத்தில் நாக்கு நுனி மேல் முரசில், அதாவது மேற்பல்லுக்குப் பின்னாலுள்ள மேட்டில், முட்டி நிற்கும். "அணரி நுனிநா அண்ணம் ஒற்ற" றகரமும் னகரமும் பிறக்கும் என்று அந்த நூல் சொல்வது இந்த முட்டலைத்தான். அம்மம்மா வீட்டில் அது "காத்து" என்று பல்லுக்கு இறங்கிவிடும். ஆங்கிலச் சொல்லை ஒரு வீடு "ரீச்சர்" என்றும் இன்னொரு வீடு "டீச்சர்" என்றும் எழுதுவதன் வேரும் இங்கேதான் இருக்கிறது. அந்த ஆங்கில ஒலி பல்லிலும் இல்லை, டகரம் பிறக்கிற மேலண்ணத்திலும் இல்லை, முரசில் இருக்கிறது. அதைத் தமிழில் எந்த எழுத்தில் குடிவைப்பது என்பதில்தான் இரண்டு பக்கமும் வேறு வேறு முடிவு எடுத்திருக்கின்றன.

ஆனால் தொல்காப்பியத்தைத் தூக்கிக் காட்டி வழக்காடுவதில் ஒரு பொறி உண்டு. பழசென்பதால் வன்னித் தமிழ் உயர்ந்தது என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால், அடுத்த வாக்கியத்திலேயே உங்கள் அம்மம்மாவின் "காத்து" தாழ்ந்ததாகிவிடும். அது உண்மையுமல்ல, அழகுமல்ல. எந்தப் பேச்சிலும் சில பழையவை தங்கும், சில புதியவை முளைக்கும். மேலே நூல்களைக் காட்டியது, "இது தமிழே இல்லை" என்று சொல்பவரின் வாயை அடைப்பதற்கு மட்டும். உங்கள் பேச்சின் தகுதிக்கு அந்தச் சான்று தேவையில்லை.

தமிழில் இன்னொரு வசதியும் இருக்கிறது. எழுத்துத் தமிழை யாரும் தாய்மடியில் கற்பதில்லை. பாடப்புத்தகத் தமிழ் வேறு, பேச்சு வேறு என்ற இந்த இரட்டை வழக்கு யாழ்ப்பாணத்துக்கும் உண்டு, மதுரைக்கும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் பிள்ளைகள் "எண்டு" என்று கதைத்துத்தான் "என்று" என்று எழுதப் பழகுகிறார்கள். சுத்தத் தமிழ் என்று பெருமை கொள்ளும் பேச்சைக் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் பெரும்பாலும் ழகரம் ளகரமாகிவிட்டது. மழை "மளை", பழம் "பளம்". தங்கள் ஊர்ப் பெயரையே "யாப்பாணம்" என்று ழகரத்தை விழுங்கிவிட்டுத்தான் சொல்கிறார்கள். குறை சொல்ல இதை எழுதவில்லை. எல்லாருடைய பேச்சும் எழுத்திலிருந்து விலகித்தான் நிற்கிறது. சிலருடைய விலகல் மட்டும் காதுக்குப் பழகிப்போனதால் தெரிவதில்லை.

இனி அந்தக் காது. ஒரே ஆளின் குரலே பேச்சு மாறினால் வேறு மதிப்புப் பெறும் என்பது பரிசோதித்து அறிந்த விசயம். 1960ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியலில் வாலஸ் லம்பர்ட் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் இரண்டு மொழியிலும் சரளமான ஆட்களைக் கொண்டு ஒரே பத்தியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வாசிக்க வைத்து ஒலிப்பதிவு செய்தார்கள். கேட்ட மாணவர்களுக்கு இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாது. ஆங்கிலம் வாசித்தபோது அதே ஆள் கூடிய அறிவாளியாகவும், நம்பத்தக்கவராகவும், ஏன், கூடிய உயரமானவராகவும்கூடத் தெரிந்தார். பிரெஞ்சு பேசும் மாணவர்களும் தங்கள் மொழிக் குரலையே குறைத்து மதிப்பிட்டார்கள் என்பதுதான் அதில் ஆகக் கசப்பான பகுதி. மொழி மாறினால் ஆளின் உயரம் மாறாது. அவர்கள் மதிப்பிட்டது ஆளையல்ல, மொன்றியலில் அந்தக் காலத்தில் எந்த மொழிக்காரர் கையில் வேலையும் காசும் இருந்தன என்பதை. 1970களில் பிரித்தானியாவில் ஹவர்ட் ஜைல்ஸ் முதலானோர் செய்த ஆய்வுகளில் இதன் மறுபக்கம் தெரிந்தது. நாட்டுப்புற உச்சரிப்புக்காரருக்குத் திறமையில் குறைவாகவும், நேர்மை, அன்பு போன்றவற்றில் கூடவும் புள்ளி கிடைத்தது. "வன்னிச் சனம் வெள்ளை மனம்" என்று புகழும்போது உள்ளே இருப்பதும் இதுதான். நல்ல மனம் என்று கையில் தந்து, நல்ல மூளை என்பதை மெல்ல எடுத்துக்கொள்கிற புகழ்ச்சி அது.

எங்கள் பக்கத்தில் இது ஒரு படிக்கட்டுப் போல இறங்குகிறது. தமிழ்நாட்டில் சிலருக்கு யாழ்ப்பாணத்துப் பேச்சு மலையாளம் மாதிரிக் கேட்கிறது. யாழ்ப்பாணத்தில் சிலருக்கு வன்னிப் பேச்சு காட்டுப் பேச்சு. வன்னிக்குள்ளே வந்தால், குளத்தடிப் பழைய ஊர்க்காரரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பிடித்தவர்களும் மலையக வழிக் குடும்பங்களைப் பார்த்து "தோட்டக்காட்டார்" என்று சொன்ன, இன்னமும் சொல்கிற வீடுகள் உண்டு. உங்களுக்கு இரண்டு பக்கத்தாலும் அடி விழுவது இதனால்தான். மேலேயிருந்து வாங்கியதைக் கீழே இறக்கி வைப்பதில் நாங்கள் யாருக்கும் குறைந்தவர்களில்லை.

படிக்கட்டின் உயரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் மூளைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது தெளிவாகும். அமெரிக்க மிசன் 1816இல் யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கி, 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கென்றே செமினரி வைத்தது. அந்தக் காலத்து வன்னி காடும் குளமும் மலேரியாவும், ஆங்காங்கே சிறு ஊர்களுமாக இருந்தது. கிளிநொச்சி தனி மாவட்டமானதே 1984இல்தான். மலையகத்தில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலானோர் குடியுரிமை இழந்தார்கள். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில். 1958இலும் 1977இலும் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு அங்கிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்தவர்கள் கையில் பள்ளிச் சான்றிதழ் குறைவாக இருந்ததில் என்ன அதிசயம்? பிறகு போர். 2008, 2009இல் வன்னிப் பிள்ளைகள் பாடசாலையைப் பெட்டியில் கட்டிக்கொண்டு இடம் இடமாக ஓடினார்கள். ஆக, "இப்படிக் கதைப்பவர்களில் படித்தவர்கள் குறைவு" என்று ஒருவர் ஒரு காலத்தில் கண்டிருக்கலாம். அதைப் பேச்சின் குணமாகவோ ஆளின் குணமாகவோ மாற்றிக்கொள்வதுதான் தவறு. அந்தப் பேச்சு பள்ளிக்கூடம் எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். உயர்தரப் பரீட்சைத் தாளைத் திருத்துகிறவருக்குச் சுட்டெண் மட்டுமே தெரியும், குரல் கேட்காது. பல்கலைக்கழக அனுமதி பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகம் என்று போகிறது. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்தக் கடைசிப் பட்டியலில் உண்டு. இதை வைத்து "கோட்டாவில வந்தது" என்று வன்னிப் பிள்ளையைக் குத்துகிறவர்கள், 55 வீதம் எல்லா மாவட்டத்துக்கும் பொது என்பதை மறந்துவிடுவார்கள்.

இதுவரை உறுதியானதைச் சொன்னேன். உறுதியில்லாதது ஒன்று: பழக்கமில்லாத உச்சரிப்பைக் கேட்பவர் ஏன் நம்ப மறுக்கிறார்? தப்பெண்ணம் மட்டும்தானா, அல்லது காது கூட வேலை செய்ய வேண்டியிருப்பதால் அந்தக் களைப்பைப் பேசுகிறவர் தலையில் கட்டுகிறதா? 2010இல் லெவ் ஆரி, கீசர் என்ற இருவர், வேற்றுமொழி உச்சரிப்பில் சொன்ன பொதுஅறிவுத் தகவல்களைக் கேட்பவர்கள் சற்றுக் குறைவாக நம்புகிறார்கள் என்றும், விளங்கச் சிரமப்படுவதே காரணம் என்றும் காட்டினார்கள். பின்னர் மற்றவர்கள் செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் அதே முடிவு வரவில்லை. அது பிறமொழிக்காரரைப் பற்றிய ஆய்வு என்பதையும் மறக்கக்கூடாது. தருமபுரத்துத் தமிழ் யாழ்ப்பாணத்துக் காதுக்கு விளங்காத அளவு தூரமில்லை. எனவே "விளங்கேல்லை" என்ற சாக்கை நான் அரைவாசிதான் நம்புவேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பள்ளி இடைவெளியால் வாசிப்புக் குறைந்த பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் தடுமாறும். அது உண்மையான குறை, நிரப்பக்கூடிய குறை. அதற்கும் "வாறன்" என்பதற்கும் சம்பந்தமில்லை. யாழ்ப்பாண உச்சரிப்போடு எழுத்துத் தமிழ் வராத பிள்ளைகளும் ஏராளம். அவர்களைப் பார்த்து யாரும் ஊர் கேட்பதில்லை, "வாசிப்புக் காணாது" என்று மட்டும் சொல்வார்கள். உங்களுக்கும் அந்த நியாயம் கிடைக்க வேண்டும்.

உங்கள் புள்ளித்தாளுக்கு வருகிறேன். நீங்கள் கதைத்ததை நான் கேட்கவில்லை, ஆகவே அந்த வரி நியாயமா அநியாயமா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். "மொழிநடை சீரில்லை" என்றால் மூன்றில் ஒன்று. துறைச் சொற்களைப் பிழையாகப் பயன்படுத்தியிருக்கலாம். ஒரு வாக்கியம் எழுத்துத் தமிழிலும் அடுத்தது பேச்சுத் தமிழிலும் மாறி மாறி வந்திருக்கலாம். அல்லது எழுதியவருக்கு உங்கள் இழுவை பிடிக்காமல் இருந்திருக்கலாம். முதல் இரண்டும் உங்களுக்குப் பயனுள்ள விமர்சனம். மூன்றாவது அவருடைய சிக்கல். எது என்று அறிய ஒரே வழி கேட்பதுதான், அதையும் குறிப்பாகக் கேட்க வேண்டும்: "சேர், எந்தச் சொல், எந்த இடம் எண்டு காட்டினால் திருத்திக்கொள்ளுவன்." ஏன் புள்ளி குறைத்தீர்கள் என்று தொடங்கினால் கதவு சாத்தப்படும். இடம் காட்டச் சொன்னால், காட்ட இடமிருப்பவர் காட்டுவார். காட்ட முடியாதவர் "பொதுவாச் சொன்னன்" என்பார். அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்த முறைக்கான தயாரிப்பை ஒலிப்பதிவிலிருந்து தொடங்குங்கள். போனில் உங்கள் தலைப்பை ஒரு சிநேகிதிக்குச் சொல்வது போல 3 நிமிடம், பரீட்சகருக்குச் சொல்வது போல 3 நிமிடம் பதியுங்கள். உடனே கேட்காதீர்கள், ஒரு நாள் விட்டுக் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் என்ன சொல்ல நினைத்தீர்களோ அதுதான் காதில் விழும், சொன்னது விழாது. கேட்கும்போது இரண்டே இரண்டு விசயங்களைக் குறியுங்கள். வெளியூர்க் காதுக்கு வேறு பொருள் தரக்கூடிய சொற்களுக்கு வட்டம். வினை வந்து முடியாமல் தொங்குகிற வாக்கியங்களுக்குக் கோடு. ஒலியை, இழுவையைக் குறிக்கவே வேண்டாம்.

வட்டம் போட வேண்டிய சொற்களில் முதலாவது "பேசு". உங்கள் வீட்டில் "டீச்சர் என்னோட பேசினாங்க" என்றால் டீச்சர் உங்களோடு உரையாடினார். யாழ்ப்பாணத்திலும் வன்னியின் பெரும்பகுதியிலும் உரையாடுவது கதைப்பது, பேசுவது என்றால் ஏசுவது. "ரீச்சர் எனக்குப் பேசினவ" என்றால் வாங்கிக் கட்டியிருக்கிறீர்கள். கள ஆய்வுக்குப் போய்வந்து "அதிகாரி எங்களோட நல்லாப் பேசினார்" என்று நீங்கள் சொன்னால், சிரித்தவர்கள் உங்களைச் சிரித்திருக்க மாட்டார்கள், அந்த அதிகாரி நன்றாக ஏசினார் என்று விளங்கிச் சிரித்திருப்பார்கள். மேடையில் "உரையாடினார்" என்றால் இரண்டு ஊருக்கும் பொது. அதே போல "நேற்று அதிகாரி வந்தவர்" என்று வடக்கில் வாக்கியம் முடிந்துவிடும். மலையகக் காதோ இந்தியக் காதோ "வந்தவர் என்ன செய்தார்?" என்று மிச்சத்துக்குக் காத்திருக்கும். "எப்பன்", "பேந்து", "கெதியா" ஆகிய மூன்றும் வடக்குக்கு வெளியே போனால் "கொஞ்சம்", "பிறகு", "விரைவாக" ஆகட்டும். இது திருத்தமல்ல, மொழிபெயர்ப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கோடு போட்ட வாக்கியங்களுக்கு மருந்து ஈறுகளில் இருக்கிறது. முழுத் தமிழையும் மாற்றத் தேவையில்லை, ஏறக்குறைய ஒரு டசின் ஈறுகளை மாற்றினால் பேச்சு மேடைத் தமிழாகிவிடும். ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம் (துருசு என்பது குளத்து மதகு): "துருசு திறக்கேக்கை தண்ணி கடைசி வயலுக்குப் போகேல்லை எண்டு கமக்காரர் சொல்லினம்." மேடைக்கு: "துருசு திறக்கும்போது தண்ணீர் கடைசி வயலுக்குப் போகவில்லை என்று கமக்காரர்கள் சொல்கிறார்கள்." மாறியவை: திறக்கேக்கை, போகேல்லை, எண்டு, சொல்லினம், ஒரு தண்ணி, ஒரு கள். துருசும் கமக்காரரும் கடைசி வயலும் அப்படியே நிற்கின்றன, நிற்கத்தான் வேண்டும். துருசு, வான் (குளத்தின் மிகைநீர் வழிந்தோடும் இடம்), அலைகரை, காலபோகம், சிறுபோகம் எல்லாம் நாட்டுப்புறச் சொற்கள் என்று வெட்கப்பட்டு, விளக்கம் போல நீட்டி முழக்குகிற பிள்ளைகள் உண்டு. அவை நீர்ப்பாசனத் துறையின் துல்லியமான சொற்கள். இரணைமடுக் குளத்தின் வான் கதவு திறந்தால் செய்தித்தாளும் "வான் கதவு" என்றுதான் எழுதும். இதே மாதிரி "செய்தனான்" என்பது "செய்தேன்", "செய்யேலாது" என்பது "செய்ய இயலாது", "எங்கட" என்பது "எங்களுடைய". அம்மம்மா பக்கத்து "இருந்திச்சி" என்பது "இருந்தது", "செஞ்சோம்" என்பது "செய்தோம்". ஒரு நாளைக்கு இரண்டு ஈறு, ஒவ்வொன்றுக்கும் உங்கள் தலைப்பிலிருந்தே ஐந்து வாக்கியம், சத்தமாக. இரண்டு கிழமை காணும்.

இதில் வழமையாகக் கெட்டுப்போகும் இடம் மிகைத்திருத்தம். ழகரம் சொல்லத் தெரியாது என்று யாரோ சிரித்துவிட்டார்கள் என்பதற்காக, ளகரம் வருகிற இடமெல்லாம் நாக்கை மடித்து "இரணைமடுக் குழம்", "வெழ்ளம்", "பழ்ளிக்கூடம்" என்று சொல்லத் தொடங்குவார்கள். குளத்தைக் குழம்பாக்கினால்தான் உண்மையான சிரிப்பு வரும். ஒலியை மேற்பார்வை செய்துகொண்டு கதைப்பதற்கு மூளையில் ஒரு பங்கு செலவாகும். அந்தப் பங்கு உங்கள் தரவுகளிலிருந்துதான் வெட்டப்படும். அப்போது தடுமாறுவீர்கள். பரீட்சகர் அதை "பாடம் தெரியாது" என்று எடுப்பார். உச்சரிப்பைத் திருத்தப் போய் அறிவைப் பற்றிய சந்தேகத்தை நாமே கொண்டுவந்து கொடுப்பது இப்படித்தான்.

தொடக்கத்தை மட்டும் கவனமாகக் கட்டுங்கள். பழக்கமில்லாத உச்சரிப்புக்குக் கேட்பவரின் காது இணங்க அதிக நேரம் எடுக்காது. கிளார்க், கரட் என்ற இருவர் 2004இல் வெளியிட்ட பரிசோதனையில், அந்நிய உச்சரிப்பில் வந்த ஆங்கிலத்தை விளங்கிக்கொள்வதில் ஏற்பட்ட தாமதம் 1 நிமிடத்துக்குள்ளேயே குறைந்துவிட்டது. தமிழுக்குள் ஊர் மாறினால் அதைவிடக் கூடச் சிரமம் இருக்க நியாயமில்லை. எனவே முதல் நிமிடத்தில் முடிவையும் எண்களையும் வைக்காதீர்கள். பெயர், தலைப்பு, எந்த ஊரில் எத்தனை பேரிடம் தரவு எடுத்தீர்கள் என்பதை ஆறுதலாகச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி இரண்டு வாக்கியமும் மனப்பாடமாக இருக்கட்டும், நடுவில் குறிப்பைப் பார்த்துக் கதையுங்கள். முழுவதையும் பாடமாக்கினால் ஒரு கேள்வி வந்ததும் நூல் அறுந்துவிடும். "வன்னியோ?" என்று யாராவது சிரித்தால் "ஓம், தருமபுரம்" என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போங்கள். விளக்கம் கொடுத்தால் பேச்சு அன்றைய தலைப்பாகிவிடும்.

இதை வாசிக்கிற ஆசிரியர்களுக்கும் பரீட்சகர்களுக்கும் இரண்டு விசயம். புள்ளித்தாளில் உள்ளடக்கத்துக்கும் மொழிக்கும் தனித்தனி நிரல் போட்டு, உள்ளடக்கப் புள்ளியை முதலில் எழுதிவிட்டு மொழிப் புள்ளிக்குப் போங்கள். மொழிக்குக் குறைத்தால் பிழையான சொல்லைப் பக்கத்தில் எழுதுங்கள், எழுதச் சொல் கிடைக்காவிட்டால் குறைக்காதீர்கள். மற்றது, வாய் திறக்காத பிள்ளைக்கு மொழி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அமெரிக்காவில் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் நியூயோர்க்கின் ஹார்லம் பகுதிக் கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றி எழுதியதில் ஓர் எட்டு வயதுப் பையன் வருகிறான். பெரிய ஆள் முன்னால் இருந்து கேள்வி கேட்டால் ஒரு சொல், இரண்டு சொல்லில் பதில். அதே ஆள் அவனுடைய கூட்டாளியையும் உருளைக்கிழங்குப் பொரியலையும் கொண்டுவந்து, தானும் நிலத்தில் இருந்தார். பையன் போட்டி போட்டுக் கதைத்தான். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளில் அளந்து பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக 1 செக்கன்தான் காத்திருந்தார். அதை 3 செக்கன் ஆக்கியதும் பதில்கள் நீண்டன. தொடருந்து ஓடாத ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளையிடம் தொடருந்து நிலையத்தின் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டுவிட்டு அடுத்த பிள்ளைக்குத் தாவுகிறவர், பாலைப்பழம் எந்த மாதம் வரும், மரத்தில் எப்படி ஏறுவது என்று கேட்டு மூன்று எண்ணும் வரை வாயை மூடி இருந்து பார்க்கட்டும்.

கடைசியாகத் தம்பி. தரம் 3 பிள்ளையின் பேச்சைத் திருத்தாதீர்கள். கதை சொல்லிக்கொண்டு வரும்போது ஒவ்வொரு சொல்லாக மறித்தால் கதையே நின்றுவிடும், கதை நின்றால் வாசிப்பும் நிற்கும். அவன் அம்மம்மாவோடு ஒரு மாதிரியும் பள்ளிக்கூடத்தில் ஒரு மாதிரியும் கதைத்தால் அது குழப்பமில்லை, இரண்டு வழக்கைப் பிரித்து ஆள்கிறான். அவனுக்குத் தேவை எழுத்தில் ழகரமும் ளகரமும் பிரிவது. காதால் அது வராது, ஏனென்றால் சுற்றியிருக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் வேறாகச் சொல்வதில்லை. கண்ணால்தான் வர வேண்டும். பாடப்புத்தகப் பட்டியலை விடப் பஸ் பலகைகள் நன்றாக வேலை செய்யும். கிளிநொச்சி, பளை, மாங்குளம், முள்ளியவளை என்று ஒரு பக்கம், முழங்காவில், குமுழமுனை, யாழ்ப்பாணம் என்று மறுபக்கம். கொப்பியில் இரண்டு நிரல் போட்டு, கிழமைக்கு ஐந்து புதுச் சொல்லை எந்த ஊரோடு சேர்ப்பது என்று அவனையே தீர்மானிக்க விடுங்கள். வாளி கிளிநொச்சிக்குப் போகும், வாழை முழங்காவிலுக்கு. குளம் என்று முடிகிற ஊர்கள் வன்னியில் நிறைய இருப்பதால் ளகரப் பக்கம் சீக்கிரம் நிரம்பிவிடும்.